மூடி வைத்த பிளேட்

மார்ச் 4, செவ்வாய்

மாப்பிள்ளை ஒரு திருடன்.

இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இன்று காலைக் கூட்டத்தில் அவன் திரையில் காட்டிய செல்கள் நான் வளர்த்தவை. அந்தப் புற்றுச் செல்கள் நான் வரும் வரை யார் கையிலும் பிடிக்காமல் மிதந்து மிதந்து செத்தன. செல்லுக்கு ஊட்டும் சீரத்தைப் பாதியாகக் குறைத்து, முதல் நாள் முழுக்கப் பாட்டிலை அசைக்காமல் வைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது நான். ஆராய்ச்சிக்கு என்று அவன் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. "நாங்க இதுல ஒரு சின்ன மாற்றம் செஞ்சோம்" என்கிறான். நாங்க! அந்த 'நாங்க'வில் நான் எந்த மூலையில் நிற்கிறேன்?

ஆய்வகத்தை நடத்தும் மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மூன்று வருஷத்தில் என் பக்கம் அப்படி ஒரு தடவை ஆட்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் மேடம் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டேன். "கட்டுரை எழுதும்போது என் பேரும் வருமா மேடம்?"

"டெக்னீஷியன் பேர் போடுற வழக்கம் இல்லம்மா. கடைசியில நன்றின்னு ஒரு வரி வரும்."

"அதுலயாவது பேர் வருமா?"

"ஆய்வக ஊழியர்களுக்குன்னு பொதுவா போடுவோம்."

ஊழியர்களுக்கு. செல்லுக்குத் தீனி போடுகிறவளும் கண்ணாடி கழுவுகிறவளும் குப்பை அள்ளுகிறவளும் சேர்ந்து ஒரு வரி.

மார்ச் 6, வியாழன்

அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தது கண்ணாடி கழுவும் அக்கா. சேர்ந்த முதல் நாளே மடிப்புக் கலையாத சட்டை, முகம் தெரியும் ஷூ. வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து, "மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு எங்கப்பா?" என்றாள். அவனும் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் அப்பாவுக்கும் அவனைப் பிடிக்கும். அதுதான் தாங்கவில்லை. அப்பா எங்கள் ஆய்வகத்தை ஒட்டிய மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டூல். பெரிய டாக்டர்கள் எல்லாம் அந்த லிஃப்டில் ஏறி, அவர் தலைக்கு மேலே ஓடும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். இவன் மட்டும் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறானாம். வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொல்கிறார். நான் தினமும்தான் கேட்கிறேன், சாப்பிட்டாயா என்று. அது கணக்கில் இல்லை.

மார்ச் 12, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். பெரிய தப்பில்லை. ஆனாலும் எழுதும்போது கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவனுடைய புது ஆராய்ச்சி இதுதான். ஒரு மருந்து. அது செல்லுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொள்ளும். விழித்ததும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை வெறி பிடிக்க வைக்கும். அது எட்டிய தூரத்தில் உள்ள நொதிகளை அடித்துப்போடும். புற்றுச் செல் மூச்சு விடுவதற்கு வேண்டிய ஒரு நொதி எவ்வளவு அடி வாங்குகிறது என்று அளப்பதுதான் அவன் வேலை. ஒரு கரைசல் ஊற்றுவோம். நொதி உயிரோடு இருந்தால் ஊதா. அடிபட்டிருந்தால் வெளிறிய மஞ்சள்.

அதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பிளேட், சின்னச் சின்னக் குழிகளில் செல் வளரும் தட்டு. இரண்டிலும் மருந்து உண்டு. ஒன்றுக்கு வெளிச்சம் கொடுப்போம். இன்னொன்றை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டிலேயே வைப்போம். இருட்டு பிளேட் ஊதாவாகவே இருந்தால்தான், அடித்தது வெளிச்சம் என்று சொல்ல முடியும்.

திங்கட்கிழமை செல் போடுவோம், புதன் மாலை மருந்து, வியாழன் வெளிச்சம், வெள்ளி அளப்பது. நான் எழுதி வைத்த முறை. மூன்று வருஷமாக இதுதான்.

காலை ஏழரைக்கு நான் வந்தபோது யாரும் இல்லை. செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்தால் அவன் பிளேட்டுகள் மேல்தட்டில், இப்போதே அலுமினியத் தாள் சுற்றி, மூலை மடித்து, பரிசுப் பொட்டலம் மாதிரி. சிரிப்பு வந்தது. மருந்தே போடாத பிளேட்டுக்கு எதற்கு முக்காடு? சட்டைக்கு இஸ்திரி போடுகிற புத்தி.

மேலே இருந்ததை எடுத்தேன். 'இருட்டு' என்று ஒட்டியிருந்தான். தாளைப் பிரித்து, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். பூஞ்சை பிடித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். அல்லது பாதி செத்திருக்க வேண்டும். இருபது நிமிஷம் இருக்கும்.

அழகாக ஒட்டியிருந்தன. என் முறையில் வளர்த்தவை, வேறு எப்படி இருக்கும்? திரும்பச் சுற்றினேன், அதே மூலை மடிப்போடு. மடிப்பதில் நான் அவனுக்குக் குறைந்தவள் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இருட்டு பிளேட் மஞ்சள்.

மாப்பிள்ளை அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு மேடத்தைக் கூப்பிட்டான். மேடம் ஓடி வந்தார். மேடம் ஓடி நான் பார்த்ததில்லை.

மேடம் சொன்னது: "வெளிச்சமே படாம நொதி அடங்குதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? உடம்புக்குள்ள ஆழத்துல இருக்கிற கட்டிக்கு வெளிச்சம் எட்டாது. இந்த மருந்தோட பெரிய தலைவலியே அதுதான். வெளிச்சமே வேண்டாம்னா...?"

செல்கள் சாகவுமில்லை. நொதி மட்டும் படுத்துவிட்டது. அவனுக்கு அதிர்ஷ்டம்கூட மடிப்புக் கலையாமல் வருகிறது.

மார்ச் 28, வெள்ளி

இரண்டாவது முறை மஞ்சள். இன்று மூன்றாவது முறையும் மஞ்சள். மூன்று தடவை ஒரே பதில் வந்தால் அது உண்மை. அப்படித்தான் இந்தத் தொழில்.

இரண்டு புதன்கிழமையும் நான் பிரித்துப் பார்த்தேன். பழக்கமாகிவிட்டது. ஒரு தடவையாவது கெட்டுப்போயிருக்காதா என்ற நப்பாசை. அவன் எப்போதும் இருட்டு பிளேட்டைத்தான் மேலே வைக்கிறான். மற்றதைத் தூக்கிப் பார்க்கப் பொறுமையும் இல்லை.

கேக் வெட்டினார்கள். கண்ணாடி கழுவும் அக்கா என் காதில், "மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்தம் ஆயிடுச்சு போல. உன் மூஞ்சி ஏன் பொண்ணைப் பறிகொடுத்த மாதிரி இருக்கு?" என்றாள். எனக்குப் பல்வலி என்றேன்.

மருத்துவமனை ஆட்களோடு அடுத்த மாதம் கூட்டமாம். முதலில் எலிகள், பிறகு நோயாளிகள்.

ஏப்ரல் 2, புதன்

காய்ச்சல். போகவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நான்காவது முறை. இருட்டு பிளேட் ஊதா. பளிச்சென்று ஊதா.

உள்ளுக்குள் துள்ளினேன், பொய் எதற்கு? துள்ளி முடிப்பதற்குள் மேடம் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை கரைசல் யார் கலந்தது?"

"நான்தான் மேடம். எப்பவும் நான்தான்."

"காய்ச்சலோட வந்து கலந்தியா?"

"நேத்து வந்து கலந்தேன். காய்ச்சல் விட்டிருந்தது."

"அங்கதான் ஏதோ தப்பு. இதைக் கணக்குல எடுக்க வேண்டாம்."

மூன்று தடவை அவனுக்குச் சரியாக வந்ததும் என் கரைசல்தான். அப்போது என் பேர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தப்பு என்றதும் முதல் ஆளாக வந்துவிட்டது. அழக் கூடாது, இவர்கள் முன்னால் மட்டும் கூடாது.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

என் கரைசல் சரி என்று நிரூபிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் போய் நின்றேன். "முதல்ல இருந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க, எங்க மாறிச்சுன்னு பாப்போம்."

நல்ல பிள்ளையாக நோட்டை விரித்தான். "திங்கள் செல் போட்டேன்க்கா. செவ்வாய் சாயந்திரம் மருந்து..."

"புதன்."

"இல்லக்கா, செவ்வாய். ஒரு நாள் கூட ஊறட்டும்னு நானா மாத்துனேன். அதனாலதான் செவ்வாய்லயிருந்தே தாள் சுத்தி வைக்கிறேன்."

"மருந்து போட்ட தேதியைப் பிளேட்ல எழுதலையே நீங்க?"

"நோட்டுல எழுதியிருக்கேன்ல. ஏன்க்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிக் கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

முக்காடு இல்லை அது. புதன் காலை நான் பிரித்தபோது உள்ளே மருந்து இருந்திருக்கிறது. முழுசாக ஒரு இரவு ஊறிய மருந்து. மேலே குழல் விளக்கு, கீழே நுண்ணோக்கியின் பல்பு, நடுவில் இருபது நிமிஷம் நான். மூன்று புதன்கிழமை. நான்காவது புதன் எனக்குக் காய்ச்சல்.

இருட்டில் நொதி அடங்கவில்லை. நான்தான் வெளிச்சம் காட்டியிருக்கிறேன்.

அவனுடைய கண்டுபிடிப்பு முழுக்க என் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஊகமாக இருக்கக் கூடாது என்று நானே செய்து பார்த்தேன். செவ்வாய் மாலை மருந்து போட்டு மூன்று பிளேட். ஒன்றைத் தொடவே இல்லை. ஒன்றைப் பத்து நிமிஷம் பிரித்தேன். ஒன்றை இருபது. யாரும் கேட்கவில்லை, நான் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் யார் கண்ணில் படும்?

தொடாதது ஊதா. பத்து நிமிஷம் இளம் ஊதா. இருபது மஞ்சள்.

என்ன செய்வது? சும்மா இருந்தால் போதும். எலியில் பொய்யாகிப் போகும். மாப்பிள்ளையின் மூஞ்சியை அன்றைக்குப் பார்க்க வேண்டும். சொன்னால் அவனும் விழுவான், நானும் போவேன். இரண்டிலும் அவன் விழுகிறான். ஒன்றில் நான் தப்பிக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். ஏழாவது மாடியில் ஒரு அம்மா. கணையத்தில் கட்டி. கதிர் சிகிச்சைக்கும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரர் தினமும் லிஃப்டில் அப்பாவோடு ஏறி இறங்குகிறார்.

"நான் அவர்கிட்ட சொன்னேன், கவலைப்படாதீங்க சார், என் பொண்ணு லேப்ல புதுசா ஒரு மருந்து வந்திருக்கு, வெளிச்சம்கூட வேண்டாமாம், எவ்வளவு ஆழத்துல இருந்தாலும் போய் அடிக்குமாம்னு."

"உனக்கு யாருப்பா சொன்னது?"

"உங்க மாப்பிள்ளை தம்பிதான். லிஃப்ட்ல. 'உங்க பொண்ணு வளர்த்த செல்லுலதாம்பா இது நடந்துச்சு'ன்னு சொன்னான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

லிஃப்டில் கொடுத்த பேரைக் கூட்டத்தில் கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்?

"அவர் என்ன சொன்னாருப்பா?"

"யாரு?"

"அந்த அம்மாவோட வீட்டுக்காரர்."

"என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. நாலாவது மாடியில பிடிச்சவரு, ஏழாவது வரைக்கும் விடல."

என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன். முதலில் அவனிடம்.

"புதன்கிழமை காலைல உங்க இருட்டு பிளேட்டைப் பிரிச்சுப் பாத்தேன். மூணு தடவை. மருந்து போட்டது தெரியாது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகத்தில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன் அதற்கு! வந்தபோது ஒரு ருசியும் இல்லை.

"எதுக்குக்கா பாத்தீங்க?"

"கெட்டுப்போயிருக்கணும்னு."

"என் செல்லா?"

"என் செல்லு. உங்க பிளேட்டு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். நானும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். நிமிர்ந்து, "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டான்.

"என்னது?"

"எத்தனை நிமிஷம் வெளிச்சத்துல இருந்துச்சு?"

இருபது என்றேன். வெள்ளிக்கிழமை நான் செய்து பார்த்த மூன்று பிளேட்டையும் காட்டினேன். நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான். குடி முழுகுகிறது, இவன் நிமிஷம் எழுதுகிறான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில்தான் அவன்மேல் எனக்கு வந்த பொறாமை எல்லாவற்றையும்விடப் பெரியது. எனக்குத் தப்பாகத் தெரிந்தது அவனுக்கு எண்ணாகத் தெரிகிறது. அப்படிப் பார்க்க அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பாட்டில் கழுவத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டு பேருமாக மேடத்திடம் போனோம். மேடம் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவனிடமே பேசினார். கடைசியில், "மருத்துவமனைக்காரங்களோட கூட்டத்தை ரத்து பண்ணணும்" என்று தொலைபேசியை எடுத்தவர், நான் இன்னும் நிற்பதைப் பார்த்து, "நீ போம்மா" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

அப்பாவிடமும் சொன்னேன். எல்லாவற்றையும். வயிற்றெரிச்சலையும் சேர்த்து.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். கடைசிப் பொத்தான் போட்டபின், "அப்போ அந்த மருந்து?" என்றார்.

"வெளிச்சம் இல்லாம வேலை செய்யாதுப்பா."

"அவர்கிட்ட நான் சொல்லிட்டேனே."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொன்னது. நானே சொல்றேன்."

மாலை வந்தவர் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. வந்ததும் போடும் ரேடியோவை அவர் போடவில்லை. அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மே 6, செவ்வாய்

என் வேலை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. மேடம் சொன்னது: "உன் மேல நடவடிக்கை எதுவும் எடுக்கல. அதை நினைச்சுக்கோ." நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷத்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். பிளேட்டில் தேதி எழுதாதவன்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டேன். "அது வேற" என்றார். எப்போதும் அது வேறதான்.

மே 30, வெள்ளி

கடைசி நாள். செல் பாட்டில்களை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தேன். முதல் நாள் அசைக்கக் கூடாது என்றேன். தெரியும்க்கா என்றான். கண்ணாடி கழுவும் அக்கா வாசல் வரை வந்தாள். "இவங்க கழுவி வெச்ச கண்ணாடியைத்தான் பாப்பாங்க. கழுவுனவளைப் பாக்கணும்னா அவ கையில இருந்து விழுந்து உடையணும். நீ உடைச்சிட்டுப் போற, போ" என்றாள். சிரித்து முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

ஜூலை 21, திங்கள்

புது இடம். ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து கைகள். நரம்பு தேடுவது, குத்துவது, பஞ்சு வைப்பது, "அழுத்திப் பிடிங்க" என்பது. இங்கே பொறாமைப்பட யாருமே இல்லை. அது ஒரு சோர்வு.

செப்டம்பர் 10, புதன்

மாப்பிள்ளையிடமிருந்து: "அக்கா, கட்டுரை வந்திருச்சு. நீங்க படிக்கணும்."

மதிய இடைவேளையில் ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். இருட்டில் வேலை செய்யும் மருந்து என்பதெல்லாம் போய்விட்டது. இது வேறு. வெளிச்சத்தைப் பலமாக அடிக்காமல் மிகக் கொஞ்சமாக, ஒரு அறை விளக்கின் அளவுக்கு மெதுவாகக் கொடுத்தால், செல் சாகாது, அந்த நொதி மட்டும் முதலில் விழுந்துவிடும். நொதி விழுந்த செல்லை வேறொரு மருந்து சுலபமாகச் சாய்க்கிறது. அவ்வளவு கொஞ்சம் வெளிச்சம் போதும் என்றால், மெல்லிய கண்ணாடி இழை வழியாக உள்ளே ஆழத்துக்குக்கூட அனுப்பலாமாம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். என் மூன்று பிளேட்டும் முதல் படத்தில் இருக்கின்றன. படத்தின் கீழே இருந்த என் கையெழுத்தை வெட்டியிருக்கிறார்கள்.

நல்ல கட்டுரை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், நல்ல கட்டுரை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'சில பிளேட்டுகளில் தற்செயலாக ஒளி பட்டதிலிருந்து இந்த ஆய்வு தொடங்கியது.'

மாப்பிள்ளை பேர் முதலில். மேடம் பேர் கடைசியில். நடுவில் நான் பார்த்தே இராத இரண்டு பேர். நன்றி, ஆய்வக ஊழியர்களுக்கு.

என் பேரைச் சேர்க்கச் சொல்லி மேடத்துக்கு எழுதினேன். அவனுக்கும் ஒரு பிரதி.

செப்டம்பர் 24, புதன்

மேடத்திடமிருந்து பதில் இல்லை. மாப்பிள்ளை அழைத்தான். "எனக்குப் புரியுதுக்கா. மேடம்கிட்ட பேசறேன். ஆனா பேர் போட்டா, எப்படிப் பட்டுச்சு, ஏன் பட்டுச்சுன்னு எழுதணும். உங்களுக்குத்தானே அசிங்கம்?"

"அசிங்கத்தை நான் பாத்துக்கறேன். நீங்க பேரைப் போடுங்க."

"பேசறேன்க்கா" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்தான்.

அக்டோபர் 15, புதன்

இரண்டாம் தடவை எழுதினேன். இரண்டு பேரிடமிருந்தும் பதில் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

அப்பா சாப்பிடும்போது, "அந்தத் தம்பிக்கு ஏதோ விருதாம், இன்னிக்கு லிஃப்ட்ல ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க" என்றார். பிறகு, "இப்பல்லாம் அவன் படியில போறான்" என்றார்.

மூன்றாம் தடவை எழுதினேன். இந்த முறை மேடம், மாப்பிள்ளை, கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர், மூன்று பேருக்கும். வணக்கம்கூட வைக்கவில்லை. சொன்னதையே சொல்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

வெளிச்சம் தற்செயலாகப் படவில்லை. தாளைப் பிரித்தது நான். பொறாமையில் பிரித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிமிஷம் எண்ணி மறுபடி செய்து பார்த்ததும் நான். 'தற்செயலாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.